நஞ்சம்மாளுக்கு அழுகை வரவில்லை

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்து ஊரொன்றில் 1943 ஆடியில் வாந்திபேதி வந்தது. நஞ்சம்மாளின் புருஷன் கோவிந்தன் விடியற்காலையில் போனான். மகன் மாரியப்பன் பொழுது சாய்வதற்குள் போனான். பையனுக்கு ஒன்பது வயது. ஊரில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு காட்டுக் கொட்டாய்களுக்குப் போயிருந்ததால் பாடை தூக்க ஆள் தேட வேண்டியிருந்தது.

நஞ்சம்மாள் அழவில்லை. கோவிந்தனின் தங்கை சின்னம்மாள் அவளைக் கட்டிப் பிடித்துக் குலுக்கினாள். "அழுதுடு அண்ணி. உள்ளயே வெச்சிருந்தா புத்தி பேதலிச்சுடும்."

நஞ்சம்மாள் அவள் முகத்தைப் பார்த்து, "மாட்டை மாத்திக் கட்டினியா?" என்று கேட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் கொல்லைக்குப் போய்க் களை எடுத்தாள். வீட்டுக்கு வந்து ராகிக் களி கிண்டினாள், தின்றாள். களியில் உப்பு இருந்ததா என்று அவளுக்குத் தெரியாது. கையில் சூடு பட்டுக் கொப்புளம் எழுந்திருந்ததைச் சின்னம்மாள்தான் பார்த்துச் சொன்னாள். துக்கமா என்று கேட்டால் அதுவும் இல்லை. சாக வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஊரில் அவளைக் கல்மனசுக்காரி என்றார்கள். காரிமங்கலத்தில் ஒருவரிடம் கூட்டிப்போய் மந்திரித்தார்கள். வேப்பிலை பட்ட இடத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

அடுத்த வருஷம் தர்மன் ஜெயிலிலிருந்து வந்தான். அந்த ஊர்க்காரன்தான், முப்பது வயது இருக்கும். வெள்ளைக்காரனை வெளியேறச் சொன்ன கலகத்தில் தந்திக் கம்பி அறுத்தான் என்று பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். வந்தவன் ஊர்க் கோடியில் கொட்டகை போட்டு ராட்டைகளை வைத்தான். நூற்க வருகிறவர்கள் முதலில் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும். அது தியானம் என்றான். ஜெயிலில் கூட இருந்த யாரோ சொல்லிக்கொடுத்ததாம்.

சின்னம்மாள் அண்ணியை அங்கே கொண்டுபோய் விட்டாள்.

"மூச்சு வர்றதையும் போறதையும் கவனிங்க அக்கா, போதும்" என்றான் தர்மன்.

"கவனிச்சா?"

"மனசு அமைதியாவும்னு சொன்னாங்க."

"எனக்கு அமைதியாத்தான் இருக்குது தம்பி. அதைத்தான் எல்லாரும் குத்தம்ங்கறாங்க."

"எனக்கும் முழுசாப் பிடிபடலைங்க. ஜெயில்ல கண்ணை மூடினா மூட்டைப்பூச்சி கடிக்கறதுதான் தெரிஞ்சுது. சும்மா உக்காருங்க" என்றான்.

அவள் உட்கார்ந்தாள். அங்கே யாரும் அவளை அழச் சொல்லவில்லை, அதனால் மறுநாளும் போனாள். மூச்சு வந்தது, போனது. சில மாதங்கள் அப்படியே கழிந்தன. பிறகு முழங்கால் வலிப்பது தெரிந்தது. பஞ்சின் வாசனை தெரிந்தது. இதெல்லாம் அவளுக்குப் பிடிக்கவில்லை. மரத்த கால் உயிர் பெறும்போது வருகிற குத்தலைப் போல இருந்தது.

கார்த்திகையில் ஒரு நாள் காலை, தூறலாக இருந்தது. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவள் திடீரென்று எழுந்து மழையில் வெளியே போனாள். தர்மன் பின்னாலேயே ஓடினான்.

"என்னாச்சுங்க அக்கா?"

"தண்ணி கேட்டான் தம்பி. நான் குடுக்கலை."

பேதி கண்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அப்போது ஊரே நம்பியது. மாரியப்பன் குரல் அடங்குகிற வரைக்கும் தண்ணீர் கேட்டான். பானை கண்ணில் பட்டால் கேட்கிறான் என்று அவள் அதை எடுத்து வெளியே வைத்தாள். அவள் இதை மறந்திருக்கவில்லை. வேறு யார் வீட்டிலோ நடந்தது போல இவ்வளவு நாள் தள்ளி இருந்தது. இப்போது அது அவள் வீட்டுக்கே வந்துவிட்டது. தர்மன் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றான்.

அதன் பிறகு அவள் கொட்டகைக்குப் போகவில்லை.

மறு வருஷம் ஆடியில் மறுபடியும் பேதி வந்தது. பக்கத்து வீட்டில் குள்ளம்மாள் என்கிற சிறுமி படுத்தாள். உச்சிப் பொழுதில் அவள் "தண்ணி" என்று முனகியது சுவர் தாண்டிக் கேட்டது. நஞ்சம்மாள் அரிசிக் கஞ்சியைத் தண்ணியாகக் கரைத்து உப்புப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

சிறுமியின் அம்மா வாசலை மறித்தாள். "வேண்டாங்க அக்கா, தண்ணி குடுத்தா செத்துடும்ங்கறாங்க."

"குடுக்காமயும் செத்துது என் வூட்ல."

அந்தப் பெண் நகர்ந்து வழி விட்டாள். நஞ்சம்மாள் சிறுமியின் தலையை மடியில் வைத்துக் கஞ்சித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். சிறுமி அதை வாந்தி எடுத்தாள். துடைத்துவிட்டு மறுபடியும் ஊற்றினாள். பொழுது இறங்குகிற வரைக்கும் இதே வேலை. சிறுமி பிழைத்துக்கொண்டாள்.

அம்மாக்காரி காலில் விழுந்தாள். நஞ்சம்மாள் தனக்குள் சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் எழுந்ததும் அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்கு ஏதோ ஒன்று தோன்றியிருந்தது.

அந்த ஆடி முழுவதும் பேதி கண்ட வீடுகளுக்குப் போனாள். சிலர் பிழைத்தார்கள், சிலர் செத்தார்கள். நடுவில் கொட்டகைக்கும் போக ஆரம்பித்தாள். பையன் குரல் அங்கே வரும். இப்போது எழுந்து ஓடவில்லை.

"மனசு தேவலையாங்க அக்கா?" என்று தர்மன் ஒரு நாள் கேட்டான்.

"தேவலைன்னு சொல்ல முடியாது தம்பி. காலையில எதுக்கு எந்திரிக்கிறோம்னு மட்டும் தெரியுது."

ஐப்பசியில் ஏரியூர்ப் பக்கம் நோய் பரவியது. அங்கிருந்து ஆள் விட்டு அவளைக் கூப்பிட்டார்கள். சின்னம்மாளிடம் மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் புறப்பட்டுப் போனாள்.