தாமதமாக வந்தவர்களுக்கும் கேட்க வேண்டும்

"எப்போ எடுக்கிறாங்க?" தெம்பனிஸில் ரயிலிலிருந்து இறங்கிக் கைப்பேசியைத் திறந்தபோது, எங்கள் பழைய அலுவலக வாட்ஸ்அப் குழுவில் முதலில் கண்ணில் பட்டது இதுதான். யாரை என்று தெரியவில்லை. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். மேலே தள்ளிக்கொண்டே போனேன். ஸ்டெல்லா. மாரடைப்பு. பின்னால் வருபவனுக்கு என்ன நடந்தது என்று ஒருவரும் சொல்லவில்லையே என்று எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்த வயலின் அரங்கேற்றம் நினைவிருக்கும். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சிறிய அரங்கம். மேடையில் மீரா. அவளுக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்த அப்பா மருத்துவமனையில், இதய அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்தார். உள்ளே அழைத்துப் போவதற்குள் மகள் வாசிப்பதைக் கேட்டுவிட வேண்டும் என்று துடித்தார். தரம் துளியும் குறையாமல் ஒலியைச் சுருக்கித் தரும் ஒரு நிரல் நூலகத்தை, அதாவது வேறு யாரோ எழுதிவைத்த ஆயத்த மென்பொருளை, வைத்து இணையத்தில் நேரலையை அமைத்திருந்தோம். அலுவலகச் சோதனையில் ஒரு குறையும் தெரியவில்லை.

மீரா தோடியைத் தொடங்கினாள். அவள் அம்மா ஃபோனும் கையுமாக ஓடிவந்தார்.

"அவருக்கு ஒண்ணுமே கேக்கலையாம் தம்பி. நர்ஸ் வேற வந்துட்டாங்களாம்."

நான் மருத்துவமனை வைஃபையைத் திட்டிக்கொண்டே, எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி தொடங்கப் போனேன். ஸ்டெல்லா என் கையைத் தட்டிவிட்டார்.

"கை வைக்காதீங்க லா, சேகர். இப்போ கேக்கிறவங்களுக்கும் போயிடும். யாருக்குக் கேக்குது, யாருக்குக் கேக்கல, அதைப் பாருங்க."

கேட்டவர்கள் எல்லாரும் ஆரம்பத்திலேயே சேர்ந்தவர்கள். பிறகு சேர்ந்த ஒருவருக்கும் கேட்கவில்லை.

"டெஸ்ட் பண்ணப்போ நாம எல்லாரும் முன்னாடியே உக்காந்துட்டோம். நம்ம ஆளுங்க எந்த ஃபங்ஷனுக்கு ஆரம்பத்திலேயே வந்திருக்காங்க?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரப்போகும் ஒலி எப்படிப்பட்டது என்று சொல்லும் முன்குறிப்பை அந்த நூலகம் தொடக்கத்தில் ஒரே ஒரு தடவைதான் தரும். அது கிடைக்காத கருவிக்கு அடுத்து வருவது எதுவும் புரியாது. பதிவாகிக்கொண்டிருந்த கோப்பின் தொடக்கத்திலிருந்து ஸ்டெல்லா அந்தக் குறிப்பை எடுத்தார். யார் எப்போது சேர்ந்தாலும் முதலில் அது, பிறகு இசை என்று இன்னோர் இணைப்புக்கான நிரலை எழுதத் தொடங்கினார். மேடையில் ராகம் முடியப்போகிறது. என் சட்டை நனைந்துவிட்டது. அவர் விரல்கள் அவசரப்படவே இல்லை.

புதிய இணைப்பை மருத்துவமனைக்கு அனுப்பினோம். பிறகு ஃபோனில் ஒரு மெல்லிய குரல்: "கேக்குது... நல்லா கேக்குது." மீராவின் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு யார் என்ன எழுதிக் காட்டினாலும் ஸ்டெல்லா கேட்டது ஒன்றுதான்: "லேட்டா வந்தவங்களுக்கு முதல்லேருந்து சொல்லுதா?" மாதா கோவிலிலும் அப்படித்தான். பூசைக்குப் பிந்தி வந்து பக்கத்தில் உட்காருபவரிடம், பைபிளிலிருந்து எந்த வாசகம் நடக்கிறது என்று குனிந்து சொல்வார். அந்தப் பொறுமையைப் பார்த்து எனக்கு எரிச்சல்கூட வந்ததுண்டு.

நேற்று பொங்கோலில், அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சவப்பெட்டியருகே நின்றேன். வேலை முடிந்து, தாமதமாக, ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அவர் கணவரால் பேச முடியவில்லை. நான்தான் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னேன். இந்தச் சேகருக்குப் பொறுமை கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

கூட்டம் கலைந்த பிறகு மீராவின் அப்பா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தார்.

"எனக்கு இப்போதான் தெரியும் தம்பி. என்ன ஆச்சு?"

நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தேன். மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.