மூட்டு விலகி வந்தவர்கள்

விபத்துப் பகுதியில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் நல்ல நாளில் வருவதில்லை. ஒருமுறையாவது மூட்டு விலகி, என்னைப் போன்ற ஒரு டொக்டரின் பிடியில் அகப்பட்டுக் கத்தியிருந்தால் நீங்களும் நம்மவர்தான். யாழ்ப்பாணத்தில் அறுபதுகளில் நான் கண்ட சிலரைப் பற்றிச் சொல்கிறேன்.

கால் வைத்தது

இணுவிலில் இருந்து வந்தவர் அறுபது வயதுத் தோட்டக்காரர். நாம்பன் மாடு கயிற்றோடு இழுத்த இழுவையில் வலது தோள் கழன்றிருந்தது. தோளின் உருட்சி போய் மூலைபோலத் துருத்திக்கொண்டு நின்றது. நாடி பார்த்தேன். விரல்களை அசைக்கச் சொன்னேன். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. நோவுக்கு ஊசியும் போட்டாயிற்று.

அந்த நாளில் எனக்குத் தெரிந்த வழி, ஆளைப் படுக்கவைத்து, கக்கத்தில் குதிக்காலை ஊன்றி, கையை மெல்ல மெல்ல இழுப்பது. சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தயங்கினேன். என் அப்பாவின் வயது, நெற்றி நிறையத் திருநீறு. “ஐயா, கால் வைக்கவேணும். குறை நினையாதேங்கோ” என்று கும்பிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் எலும்பு குழிக்குள் போனது. எழுந்திருந்து சிரித்தார்.

“என்ரை மோன் சின்னனிலை நெஞ்சிலை உதைச்சவன். ஆனால் கும்பிட்டுக் கேட்டு உதைச்சது நீங்கள்தான், தம்பி.”

திருவிழாக் கூட்டத்தில்

நல்லூர்த் திருவிழாவில் சனநெரிசலுக்குள் அகப்பட்ட மூன்று வயது மகளை, தகப்பன் மணிக்கட்டில் பிடித்து வெடுக்கென்று தூக்கிவிட்டார். அதன்பிறகு பிள்ளை அந்தக் கையை அசைக்கவில்லை. “நான்தான் முறிச்சுப்போட்டன்” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். வீக்கம் இல்லை, கை மட்டும் சோர்ந்து தொங்கியது. சின்னப் பிள்ளைகளை இப்படி இழுத்தால் முழங்கை எலும்பு சற்றே நழுவும். உள்ளங்கையை மேலே திருப்பி, கையை மடக்கினேன். என் பெருவிரலுக்குக் கீழே ஒரு சின்ன ‘டிக்’.

கொஞ்சம் பொறுத்து, தாயின் பையிலிருந்த கச்சான் கடலையை நீட்டினேன். அதே கையால் வாங்கினாள். பிறகு இரண்டு கையையும் தகப்பனிடம் நீட்டினாள். அவர் ஓரடி பின்னே போய்க் கேட்டார்: “இனி இவளை எதிலை பிடிச்சுத் தூக்கிறது, டொக்டர்?”

கொட்டாவி

பண்டத்தரிப்பிலிருந்து ஒரு கணவனும் மனைவியும். கொட்டாவி விட்டதில் அவவின் தாடை கழன்று, வாய் திறந்தபடியே நின்றது. “நாலு நாளாய்க் கோவம், என்னோடை கதைக்கேல்லை” என்று கணவர் தனியே சொல்லிக் கண்கலங்கினார். பெருவிரல்களில் துணி சுற்றி, கடைவாய்ப் பற்களை அழுத்திப் பின்னே தள்ளினேன். வாய் மூடியது. “கதைச்சுப் பாருங்கோ” என்றேன். அவ என்னைப் பார்க்கவேயில்லை. கணவரிடம் திரும்பினா: “காலமை சாப்பிட்டனீங்களே?”

மனைவி சொன்ன நோய்

பனையிலிருந்து விழுந்த ஒருவரை வாடகைக் காரில் இருத்திக் கொண்டுவந்தார்கள். மணிக்கட்டு முறிந்து வீங்கியிருந்தது. “கை மட்டுந்தான் நோகுது” என்றார். வெளியே வரிசை நீண்டிருந்தது. கையைக் கட்டி அனுப்பத் தயாரானேன்.

அவரின் மனைவி வாசலை மறித்து நின்றா. “இவர் இப்பிடிச் சரிஞ்சு இருக்கிறவர் இல்லை. நாரி முதுகையும் ஒருக்கால் பாருங்கோ.” எனக்கு எரிச்சல்தான் வந்தது. என்றாலும் முதுகெலும்பை விரலால் தடவினேன். ஓரிடத்தில் விரல் பட்டதும் நோவில் மூச்சை இழுத்துப் பிடித்தார். கால்விரல்களை அசைக்கச் சொன்னேன்; அசைந்தன. நான்கு பேர் சேர்ந்து, முதுகு வளையாமல் அவரைப் பலகையில் ஏற்றினோம். முள்ளந்தண்டில் ஓர் எலும்பு நொறுங்கியிருந்ததை எக்ஸ்ரே காட்டியது. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். “இவள் பயந்துபோவாள்” என்றார்.

வாரக்கணக்காகப் படுத்திருந்தார். பிறகு ஒருநாள் உடம்பைச் சுற்றிய பிளாஸ்டர் மாக்கட்டோடு விறாந்தைவரை நடந்தார். “நீங்கள் மறிச்சிராவிட்டால் நான் பிழை விட்டிருப்பன், அம்மா” என்றேன். அவ அவரின் சாரத்தைச் சரிசெய்துகொண்டே சொன்னா: “பதினெட்டு வருசம் பக்கத்திலை இருக்கிறன். எனக்கு ஒளிக்கேலுமே?”

எலும்பைப் பொருத்த எனக்கு ஐந்து வருடம் படிப்பித்தார்கள். நோயாளியோடு வந்தவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்பதைப் படித்து முடிக்க ஓய்வூதிய வயது வந்துவிட்டது.