கொத்துக்கறி நாகஜோதி

திருப்பூர் நெருப்பெரிச்சலில் ரங்காத்தாளின் லைன் வீடுகளில் குடியிருந்த பெண்களுக்குச் சாயங்காலம் என்று ஒன்று கிடையாது. காலையில் கம்பெனி வேனில் ஏறினால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து எட்டரைக்கு மேல்தான் இறங்குவார்கள். இறங்கிய கையோடு அடுப்பு. பிள்ளைகள் டிவி முன்னால் சுருண்டு தூங்கிப் போயிருக்கும். எழுப்பி உட்காரவைத்து, ரசமோ தக்காளிச் சோறோ ஊட்டிவிட்டுப் படுப்பார்கள். கறி என்பது ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது. வேலைநாள் ராத்திரியிலும் அவர்கள் வீட்டில் கறி மணக்க வைத்தவள் நாகஜோதி.

நாகஜோதிக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம். கல்யாணமான புதிதில் புருஷன் பொன்னுச்சாமியோடு பனியன் வேலைக்கு வந்தவள். மகள் அனிதா மூன்றாவது படிக்கும்போது, பல்லடத்தில் தறி ஓட்டப் போகிறேன் என்று போன பொன்னுச்சாமி அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். நாகஜோதி போய்ச் சண்டை பிடிக்கவில்லை. அவளுக்கு ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை இருந்தால் பார்த்து ஒதுக்க வேண்டும். வருஷக்கணக்கில் வெள்ளைத் துணியை டியூப்லைட்டுக்கு அடியில் வைத்துப் பார்த்ததில் கண் மங்கிப்போயிற்று. எண்ணெய்க் கறை பட்ட பீஸ்கள் நல்ல பீஸ்களோடு போய்விட்ட ஒரு நாளில், சூப்பர்வைசர் அந்தத் துணியைச் சுருட்டி எல்லார் முன்னாலும் அவள் முகத்தில் எறிந்தான். நாளையிலிருந்து வராதே என்றான்.

அதற்குப் பிறகுதான் கறி வியாபாரம். பல்லடம் ரோட்டில் கதிர்வேல் என்பவருக்குக் கோழிப் பண்ணை இருந்தது. ஓரமாக ஒரு கொட்டகையில் வான்கோழியும் வளர்த்தார். நொண்டி விழுந்ததையும் மற்றவை கொத்தி ரணமானதையும் ஓட்டல்காரர்கள் வாங்க மாட்டார்கள். அவற்றை உயிரோடு நாகஜோதி வாங்கிக்கொண்டாள். வான்கோழி முற்றிவிட்டால் துண்டு போட்டு வேகவைத்து மாளாது. பல்லுக்கு வேலை வைக்கும். அவள் எலும்பை நீக்கி, மரக்கட்டையில் போட்டு, இரண்டு கைக்கும் இரண்டு கத்தி பிடித்துப் பொடிப்பொடியாகக் கொத்தினாள். சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, மஞ்சள், கொஞ்சம் மிளகு. தண்ணீர் வற்ற முக்கால் வேக்காடு. வாழை இலையில் பொட்டலம்.

வேனிலிருந்து இறங்கும் பெண்களிடம் கொடுக்கும்போதே அதை என்ன செய்வது என்றும் சொல்லிவிடுவாள்.

“சட்டியில சூடு காட்டிச் சோத்துல பெசஞ்சா முடிஞ்சுபோச்சு. தோசை மாவு கெடந்தா ஊத்தி மேல தூவி மூடிருங்க. புள்ளைகளுக்கு ஒரு முட்டைய ஒடச்சு ஊத்திக் கிண்டுங்க. பொட்டுக்கடலைப் பொடி இருக்கா? சேத்து உருட்டி எண்ணெயில போடுங்க, கோலா உருண்டை மாதிரி இருக்கும்.”

பின்னால் இருந்த அறைகளில் தங்கியிருந்த வடக்கத்திப் பையன்கள் அதைக் கீமா என்றார்கள். சப்பாத்திக்குள் சுருட்டி நின்றபடியே தின்றார்கள். குக்கர் விசில் அடங்குவதற்குள் லைனில் எல்லார் வீட்டிலும் தட்டு விழுந்துவிடும்.

அடுத்த அறையில் இருந்தவள் சித்ராதேவி. அவளும் தெற்கத்திக்காரி, தையல் வேலை; புருஷனுக்குச் சாயப்பட்டறையில் வேலை. காலையில் வேன் வருவதற்கு முன் நாகஜோதி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வான்கோழியை அறுக்கும்போது, கால் இரண்டையும் பிடித்துக்கொள்வது சித்ராதேவிதான். “றெக்கை அடிச்ச அடியில கை வலிக்குதுக்கா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். அவள் மகன் நித்தீஷ் நாகஜோதியைப் பெரியம்மா என்பான். அம்மா வருவதற்குள் பெரியம்மா தட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கிவிடுவான்.

அந்த வருஷக் கோடையில் குழாயில் தண்ணீர் நின்றுபோயிற்று. ரங்காத்தாள் லாரித் தண்ணீரை வாங்கி மொட்டைமாடித் தொட்டியில் ஏற்றினாள். லைனில் குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். ரங்காத்தாள் வீட்டில் மட்டும் கேன் தண்ணீர். ஒரு புதன்கிழமை ராத்திரி லைன் முழுக்கப் பிள்ளைகள் வாந்தியெடுத்தன. நித்தீஷுக்குக் கண் செருகிவிட்டது. சித்ராதேவி அவனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். குளுக்கோஸ் ஏற்றிய நர்ஸ், லாரித் தண்ணீர் என்று கேட்டதுமே, முதலில் தொட்டியை ஏறிப் பாருங்கள் என்று சொல்லியனுப்பினாள்.

சித்ராதேவி திரும்பி வந்து நேராக ரங்காத்தாளிடம் அதைச் சொன்னாள்.

ரங்காத்தாள் மொட்டைமாடியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, “தண்ணியெல்லாம் நல்ல தண்ணிதான் கண்ணு. நேத்து உங்கூட்ல என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டாள்.

“நாகஜோதி அக்கா கறிங்கம்மா.”

“அப்பறம் என்ன? அதையச் சொல்லு.” ரங்காத்தாள் குரலை உயர்த்தவேயில்லை. “உன்ற ரூம என்ற பையன் கேட்டுட்டே இருக்கறான். ஸ்டோருக்கு வேணுமாமா. பாவம், சின்னப் பையன வெச்சுட்டு எங்க போவான்னு நாந்தான் உட்டு வெச்சிருக்கறேன்.”

பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை என்று அன்றைக்குப் பெண்கள் யாரும் வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கே வாசல் நிறைந்துவிட்டது. நாகஜோதி அப்போதுதான் அடுப்பிலிருந்து கறிச்சட்டியை இறக்கி வைத்திருந்தாள். அனிதா அறைக்குள் படுத்திருந்தாள். அவளுக்கும் காலையிலிருந்து வயிற்றைப் புரட்டிக்கொண்டுதான் இருந்தது. நாகஜோதி அதை வெளியே சொல்லவில்லை. சொன்னால் அவள் கறி மேல்தான் பழி வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ரங்காத்தாள் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தாள்.

“ஏனுங்க ஜோதி, கோவிச்சுக்காதீங்க. செத்த கோழிய அறுத்துப் போடறீங்கன்னு சொல்றாங்க.”

“எந்த நாக்கு அப்படிச் சொன்னது? உசுரோட வாங்கியாந்து ஏங் கையால அறுக்குறேன். சித்ராவக் கேளுங்க, தெனமும் காலப் பிடிக்கிறது அவதான்.”

எல்லாரும் சித்ராதேவியைப் பார்த்தார்கள். அவள் இடுப்பில் நித்தீஷ் துவண்டு கிடந்தான். ஊசி குத்திய கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவள் ரங்காத்தாளை ஒரு தடவை பார்த்தாள்.

“நேத்துக் கொண்டாந்தது அசையவே இல்ல. கழுத்துத் தொங்கிக் கெடந்துச்சு. நான் பாத்தேன்” என்றாள்.

நாகஜோதி, “ஏத்தா சித்ரா” என்றாள். கூட்டத்தில் ஒருத்தி முந்தானையை உதறிக்கொண்டு ஏச ஆரம்பித்தாள். ஒருத்தன் சட்டியை எட்டி உதைக்கக் காலைத் தூக்கினான். ரங்காத்தாள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அப்படியெல்லாம் பண்ணாதீங்க. அவுங்களும் புள்ளை பெத்தவங்கதான. நல்ல கறின்னா அவுங்க புள்ளைக்கு ஊட்டட்டும், எல்லாரும் பாக்கட்டும். அவ்வளவுதானுங்களே?”

அனிதாவை ஒருத்தி போய்க் கூட்டிவந்தாள். ஸ்கூல் சட்டையைக்கூட மாற்றாமல் படுத்திருந்த பிள்ளை. பதின்மூன்று வயதுக்கு மெலிந்த உடம்பு. நாகஜோதி சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கறியை அள்ளி ஊதி நீட்டினாள்.

“அம்மா, வயித்த வலிக்குதும்மா” என்று அனிதா அவள் காதுக்குள் சொன்னாள்.

“ஒரு வாய்தாண்டி. வாங்கிக்க. பேசாம வாங்கிக்க.”

அனிதா வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் போதவில்லை. இன்னொன்று என்றார்கள். நாகஜோதி இன்னொன்று ஊட்டினாள். சின்னதாக அள்ளுகிறாள் பார் என்று ஒருத்தி சொன்னாள். நாகஜோதி கை நிறைய அள்ளினாள். அனிதாவின் கண்ணில் நீர் கொட்டியது, கன்னம் உப்பியிருந்தது, விழுங்க முடியாமல் கழுத்து ஏறி இறங்கியது. வாயை மூடிக்கொள்ளப் பார்த்தபோது நாகஜோதி தாடையைப் பிடித்து அழுத்தித் திறந்தாள். அவள் அப்போது மகளைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் முகங்களைத்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள், போதும் என்று யாராவது சொல்வார்களா என்று.

“சாப்பிடு கண்ணு” என்றாள் ரங்காத்தாள். “உங்கம்மா கைக்கறிதான, சாப்பிடு சாமி.”

அனிதா அப்படியே குனிந்து வாந்தியெடுத்தாள். சட்டையிலும் அம்மாவின் மடியிலும் தரையிலும்.

கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. திருப்தியான சத்தம். பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். கத்தி, மரக்கட்டை, துணிமூட்டை எல்லாம் ரோட்டுக்கு வந்தன. நாகஜோதியின் முடியைப் பிடித்து இழுத்த பெண், போன வாரம்தான் அவளிடம் இரண்டு பொட்டலம் சேர்த்து வாங்கித் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்தனுப்பியவள். ரங்காத்தாள் நாற்காலியை விட்டு எழுந்து, “பொழுதோட கெளம்பிருங்க ஜோதி, உங்களுக்கும் அதுதான் நல்லது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆஸ்பத்திரியில் அனிதாவை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அவள் கேட்டாள்:

“வயிறு வலிக்குதுன்னு உங்கிட்டச் சொன்னேன்ல?”

“அவுக அத்தன பேரு நிக்கையில நான் என்னடி செய்வேன்?”

“அவங்க நின்னாங்க. நீதான ஊட்டுன.”

நாகஜோதி டம்ளரைக் கழுவ எழுந்து போனாள்.

ரங்காத்தாள் அந்த வாரமே ஓர் ஆளை விட்டுத் தொட்டியைக் கழுவச் செய்தாள். அடியில் ஒரு பெருச்சாளி ஊறி, மயிர் கழன்று கிடந்தது. கோணிப்பையில் போட்டு அவன் மாடிப்படியில் இறங்கி வந்ததை லைனில் எல்லாரும் பார்த்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்கள். சாயங்காலம் தொட்டிக்குப் புது மூடி வந்தது. நாகஜோதி எங்கே போனாள் என்று விசாரித்து அதைச் சொல்ல ஒருவரும் புறப்படவில்லை.

அவள் கதிர்வேல் பண்ணையில் கொட்டகை கூட்டும் வேலைக்குப் போயிருந்தாள். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அனிதாவைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். அம்மா கையால் சமைத்ததை அனிதா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சோறு மட்டும் தானே வடித்து, கடையில் வாங்கிய ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்பாள். ஒருநாள் நாகஜோதி பொறுக்காமல் அந்தத் தட்டைப் பிடுங்கி எறிந்து, பிள்ளையைக் கை ஓயும்வரை அடித்தாள். அனிதா அழவில்லை. அடி நின்றதும், சிந்திய சோற்றைக் கூட்டி அள்ளினாள்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்ராதேவி பண்ணைக்கு வந்தாள். பஸ் ஏறி, வழி கேட்டுக் கேட்டு வந்திருந்தாள்.

“தொட்டியில பெருச்சாளி செத்துக் கெடந்துச்சுக்கா.”

“தெரியும். கதிர்வேல் அண்ணன் சொன்னாரு.”

“நீங்க திரும்ப வந்து கறி போடணும்னு எல்லாரும் கேக்குறாங்க. வேல விட்டு வந்து ஒண்ணும் ஆக்க முடியல. எங்க வீட்டுக்காரரு தெனமும் தட்டத் தூக்கி எறியிறாரு. ரங்காத்தாம்மாவும் சரின்னுட்டாங்க. லைனுக்குள்ள வேணாமாம், பஸ் ஸ்டாப்புல போட்டுக்கச் சொன்னாங்க.”

நாகஜோதி விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். “அன்னிக்குக் கழுத்துத் தொங்கிக் கெடந்துச்சுன்னு சொன்னியே, அது எந்தக் கோழிடி?”

சித்ராதேவி தரையைப் பார்த்தாள். “பழச எதுக்குக்கா பேசிக்கிட்டு? நீங்க வர்றீங்களா இல்லையா, அதச் சொல்லுங்க. ஏழு மணிக்கு எனக்கு பஸ்.”

அவள் போன பிறகு அனிதா வாசலில் வந்து நின்றாள்.

“அவங்களுக்கேவா விக்கப் போற?”

“வேற யாருக்கு விக்க? எட்டரைக்குப் பசியோட எறங்குறது அவுகதான்.”

அனிதா உள்ளே போய்ப் புத்தகப் பையை எடுத்து வைத்தாள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு அவள் வரவில்லை. பல்லடத்தில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். நாகஜோதி தேடிப் போனபோது பொன்னுச்சாமியின் அந்தப் பெண்தான் வெளியே வந்தாள். “அவ இங்கயே இருக்குறேங்குறா. நாங்க ஒண்ணும் கூப்பிடலை” என்றாள். உள்ளே அனிதா அவர்களுடைய கைக்குழந்தைக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

நாகஜோதி நெருப்பெரிச்சல் பஸ் ஸ்டாப்பில் தள்ளுவண்டி போட்டாள். முதல் நாளே சட்டி காலி. முடியைப் பிடித்து இழுத்தவளும் வாங்கினாள்; இன்னும் கொஞ்சம் போடுங்கக்கா என்று சிரித்தாள். ரங்காத்தாள் வீட்டிலிருந்து டிரைவர் பாத்திரம் எடுத்து வந்தான். எல்லாருக்கும் நாகஜோதி ஒரே அளவுதான் அள்ளிப் போட்டாள். எப்படிச் சமைப்பது என்று யாருக்கும் சொல்லவில்லை. பெரியம்மா என்று கூப்பிட்டபடி நித்தீஷ் ஓடிவந்து சேலையைப் பிடித்தபோது அவன் கையை விரல் விரலாகப் பிரித்து எடுத்துவிட்டு, அடுத்து யார் என்று கேட்டாள்.

இப்போது மூன்று வருஷம் ஆகிறது. அனிதா பிளஸ் டூ படிக்கிறாள். போன மாதம் அவள் பிறந்தநாளுக்கு நாகஜோதி ஒரு சுடிதார் எடுத்துக்கொண்டு பல்லடம் போனாள். வீட்டுக்குப் போகாமல், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தாள். பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். அனிதா நன்றாக வளர்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோயிற்று. ஆனால் நடை நிற்கவில்லை.

கூட வந்த பெண், “அந்தக்கா உன்னையத்தான் பாக்கறாங்க. யாருடி அது?” என்று கேட்டாள்.

“முன்னாடி நாங்க குடியிருந்த லைன்ல கறி வித்தவங்க” என்றாள் அனிதா.

அந்தப் பெண் மரியாதையாக நின்று, “அப்படிங்களாக்கா?” என்று நாகஜோதியிடமே கேட்டாள்.

“ஆமா கண்ணு” என்றாள் நாகஜோதி. “ரொம்ப நாளாச்சு, அதான் அடையாளம் தெரியுதான்னு பாத்தேன்.”

அவர்களுடைய பஸ் வந்தது. பிள்ளைகள் முண்டியடித்து ஏறினார்கள். அனிதா சன்னலோரம் இடம் பிடித்து, தோழியின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சுடிதார் இருந்த கவரை நாகஜோதி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், திருப்பூர் பஸ்ஸுக்கு நின்றாள். மணி ஐந்தாகியிருந்தது. இனிமேல் போய்த்தான் கறி கொத்த வேண்டும்.