முகத்துவாரத்துக்குப் போ

இறால், எங்கள் ஊர்ப் பேச்சில் எறா, எங்கே கிடைக்கும் என்று எறா பிடிக்கிறவனுக்கே சொல்லித்தர ஒரு கம்ப்யூட்டரைத் தயார்செய்த மடையன் நான். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அதைச் சோதித்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று, அள்ளிக்கொண்டு வந்திருக்க வேண்டிய நாளில் என் அண்ணனை ஏரியிலிருந்து கிளப்பி, மெட்ராஸில் ஒரு ஏசி அறைக்குள் உட்கார வைத்தவனும் நானே.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பத்திலிருந்து மெட்ராஸ் காலேஜுக்குப் போய் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் துறைக்குப் புதுச் சரக்கு ஒன்று வந்திருந்தது. செயற்கை அறிவு என்றார்கள். ஒரு நிபுணரின் மண்டையில் இருப்பதை, இப்படியிருந்தால் இப்படிச் செய் என்று விதி விதியாக எழுதி உள்ளே போட்டுவிட்டால், அவருக்குப் பதிலாக அதுவே யோசனை சொல்லுமாம். வாத்தியாரை விட்டுவிட்டு இதைக் கேட்டுப் பிள்ளைகள் படிக்க முடியுமா என்று பார்ப்பதுதான் சோதனை. ஆளுக்கொரு நிபுணரைப் பிடிக்கச் சொன்னார் பேராசிரியர். மற்றவர்கள் டாக்டர், வக்கீல் என்று வாசல் வாசலாக அலைந்தார்கள். நான் சோம்பேறி. என் நிபுணர் வீட்டிலேயே இருந்தார்.

பொங்கல் லீவில், வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அண்ணன் எதிரே நோட்டோடு உட்கார்ந்தேன். வாடை அடித்தால் என்ன செய்வாய், தண்ணீர் கலங்கினால் எங்கே போவாய், அமாவாசைக்கு முன்னாலா பின்னாலா, கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தால் என்ன, திறந்திருந்தால் என்ன. நான்கு நாள் குடைந்தேன். என் கொழுந்தன் போலீஸில் சேர்ந்துவிட்டானா என்று அண்ணி பக்கத்து வீட்டில் விசாரித்ததாகக் கேள்வி.

மாசியில் சோதனை. முடிந்தால் நிபுணரும் நேரில் வந்தால் நல்லது என்றார் பேராசிரியர். நல்லது, அவ்வளவுதான். நான் இன்லண்ட் லெட்டரில், வெள்ளிக்கிழமை நீ வராவிட்டால் நான் பெயில் என்று எழுதிப் போட்டேன். சக மாணவர்கள் எதிரே நிஜ மீனவர் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தும் ஆசை. வேறென்ன.

அண்ணன் சொன்ன நேரத்துக்கு, சலவைச் சட்டையில் வந்து நின்றார். கம்ப்யூட்டர் அறைக்குள் தூசி போகக் கூடாது என்று செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். அண்ணன் வந்ததே வெறுங்காலோடு. வாசலில் நின்ற அட்டெண்டர் அந்தக் கால்களைப் பார்த்தார், வெறுங்காலுக்குச் சட்டத்தில் இடமில்லாமல் ஒரு ஈரத்துணியை நீட்டினார். ஏரி மணலைத் துடைத்துவிட்டு உள்ளே வந்த அண்ணனுக்கு உடம்பு சிலிர்த்தது.

“இன்னாடா, ஐஸ் பொட்டிக்குள்ள கூட்டியாந்து உக்கார வச்சிட்ட.”

திரையில் கேள்விகள் இங்கிலீஷில் வந்தன. நான் தமிழில் சொல்ல, விடிகாலையில் கிளம்பும்போது பார்த்த காற்றையும் தண்ணீரையும் அண்ணன் சொல்ல, தட்டினேன். கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்தது. பிறகு, முகத்துவாரத்துக்குப் போ என்றது. நூற்றுக்கு எண்பது நிச்சயமாம். மீதி இருபது என்ன ஆயிற்று என்று கேட்டார் அண்ணன். அது தெரியாது என்று அர்த்தம் என்றேன்.

“அப்ப நம்மள மாதிரிதான்” என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

யோசனை சரிதானா என்று பேராசிரியர் ஆவலோடு கேட்டார். ரொம்பச் சரி, இன்றைக்கு எறா அங்கேதான் என்றார் அண்ணன். பின்னால் நின்ற மாணவர்கள் கைதட்டினார்கள். நான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன். அப்போதுதான் அண்ணனுக்கு ஒரு சந்தேகம்.

“யார் கேட்டாலும் இதையே சொல்லுமா சார்? குப்பமே அங்க போயி நின்னா எறா வராது, போலீஸ்தான் வரும். இன்னிக்கு அங்க நம்ம பாடு.”

பேராசிரியருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஏரியில் வலை கட்டும் இடம் ஒவ்வொன்றும் ஒரு பாடு. எந்த நாள் யாருக்கு எந்தப் பாடு என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு வைத்திருக்கும். மதியம் மூன்று மணிக்குப் பாடு விழுந்தவன் கரையில் நிற்காவிட்டால் சீட்டில் அடுத்தவன் போவான். ஆள் மாற்றி அனுப்பவோ நாளைக்குத் தள்ளிப்போடவோ முடியாது. அடுத்த சுற்று வருவதற்குள் எறா ஓய்ந்துவிடும். ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரிந்த இது, நான் எழுதிய விதிகளில் மருந்துக்குக்கூட இல்லை.

இன்றைக்கு அங்கே வலை கட்டும் முறை அண்ணனுடையது என்று மட்டும் சொன்னேன்.

“அப்புறம் ஏன் இங்கே வந்தீங்க?” என்றார் பேராசிரியர்.

“தம்பி வரச் சொன்னான் சார்.”

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை. கிளம்பலாம் என்று அண்ணன் முதுகைச் சுரண்டினேன். பேராசிரியரோ, காற்றை மாற்றிப் போட்டால் என்ன சொல்லும், நிலாவை மாற்றிப் போட்டால் என்ன சொல்லும் என்று விளையாட ஆரம்பித்துவிட்டார். அண்ணனும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரை மடக்கப் புதிது புதிதாகக் காற்று அடிக்கவிட்டார். நான் ஒரு காலில் நின்றேன், பிறகு மறுகாலில். வாசலுக்குப் போய் வந்தேன். மூத்திரம் முட்டுகிறவன் என்று நினைத்து அட்டெண்டர் வழி காட்டினார்.

பஸ் பிடித்தபோது மணி ஒன்று. செங்குன்றத்தில் டிரைவர் டீ குடித்தார். அவ்வளவு நிதானமாக டீ குடித்த மனிதரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. பொன்னேரியில் பஸ் மாறினோம். ரயில் கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி பெட்டி பெட்டியாகப் போனது. எழுந்தேன், உட்கார்ந்தேன், கண்டக்டரிடம் கேட்டைப் பற்றிப் புகார் சொன்னேன். கேட் அவருடையது இல்லை என்றார். இத்தனைக்கும் நடுவில் அண்ணன் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

கரைக்கு ஓடியபோது மூன்றரை தாண்டியிருந்தது. சீட்டில் அடுத்தவரின் படகு முகத்துவாரத்துப் பக்கம் சின்னதாகத் தெரிந்தது. அண்ணன் சலவைச் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கணுக்கால் ஆழத்தில் நின்று அதைப் பார்த்தார். எனக்கு மூச்சு வாங்கியது. குற்றம் என்னுடையதாக இருக்கும்போது அடுத்தவர் மேல் கோபப்படுவது என் பழைய வழக்கம்.

“இன்னிக்கு நம்ம பாடுனு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாண்ணா?”

அண்ணன் படகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அத்தினி கேள்வி கேட்டியே, இத்த கேட்டியா?”