வியாழக்கிழமை மேலே வராத மெஷின்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என் மகள் கடலுக்கு அடியில் போகிற ரோபோவுக்கு வேலை சொல்கிறவள். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரத்தான் செய்யும்.

வெயிலே எட்டாத ஆழத்திலும் பவளம் வளருமாம். பெரிய வலைகள் அடியை உரசிப் போன இடத்தில் அது நொறுங்கிக் கிடக்குமாம். ஆள் இறங்க முடியாத ஆழம். அதனால் ரோபோதான் இறங்கி, உடைந்த துண்டுகளைச் சட்டத்தில் பொருத்தி நட்டுவிட்டு வரும். பிறகு இன்னொரு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவை பிழைக்கின்றனவா என்று மாதக்கணக்கில் படம் பிடிக்கும்.

போன பங்குனியில் அம்மன் திருவிழாவுக்கு வந்த மகள், வியாழக்கிழமை அந்த மெஷின் தானாக மேலே வரும், அதற்குள் அதை எடுக்கப் போகிற கப்பலுக்குத் திரும்ப வேண்டும் என்றாள். நான் காதில் வாங்கவில்லை. பங்காளிகள் முன்னால் அவள் பால்குடம் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. காப்புக் கட்டும் அன்று அவளைக் கேட்காமலே பூசாரியிடம் அவள் கையை நீட்டிவிட்டேன். மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் திருவிழா முடியும்வரை வெளியூரில் இராத் தங்கக் கூடாது.

“ஏம்மா, என்னைய ஒரு வார்த்த கேக்க வேணாமா?”

“கப்பல்ல இருக்கவுகளுக்கு அத எடுத்து வைக்கத் தெரியாதாக்கும்? இருடி.”

வியாழக்கிழமை வந்தது. மெஷின் வரவில்லை. மேலே வந்ததும் அவள் செல்போனுக்குத் தகவல் வர வேண்டுமாம். வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தாள். அது தொலைந்தால் அத்தனை மாதப் படமும் தொலையும். நட்டது பிழைத்ததா என்றே தெரியாமல் போகும். என்னை ஒரு சொல் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் கண் வீங்கியிருந்தது. கையைப் பிடித்தேன்.

“கயித்த நானே அவுத்துவிடுறேன். ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். கீரனூர் போயி திருச்சி பஸ்ஸப் புடி.”

“நான் போனா மட்டும்? கடலுக்குள்ள கையவிட்டு எடுக்கவா முடியும்?”

பிறகு அவளே சொன்னாள். மெஷினை ஓர் இரும்புக் கட்டியோடு கம்பியால் பிணைத்து இறக்குவார்களாம். உப்புத் தண்ணீர் கம்பியை அரித்து அறுத்ததும், இரும்பு அடியில் தங்க, மெஷின் மிதந்து வருமாம்.

“கம்பி அறுறதுக்கு நான்தாம்மா நாள் குறிச்சேன். அடியில ஐஸ் மாதிரி குளிரும். குளிர்ல மெதுவாத்தான் அரிக்கும். கணக்குல தப்பிட்டனோ என்னமோ.”

“மார்கழியில மாவு பொங்க நேரமாகுமே, அப்புடியா?”

அந்தக் கவலையிலும் சிரித்துவிட்டாள். “அப்புடித்தான்.”

“அப்ப மாவு கெட்டுப்போகல. இன்னும் பொங்கல, அம்புட்டுத்தான்.”

தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, அவள் செல்போனையே நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் கோயிலடியில் கூழ் ஊற்றும்போது அவள் செல்போன் சத்தம் போட்டது. பார்த்தவள் அப்படியே என் தோளில் சாய்ந்தாள்.

“வந்துருச்சும்மா.”

கூழ் அண்டாவுக்குப் பக்கத்திலேயே நான் உட்கார்ந்துவிட்டேன்.

கப்பலில் இருந்தவர்கள் அதை எடுத்து, சாயங்காலம் படங்களை அனுப்பினார்கள். என் நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

“இதுக்கா ஆத்தாளும் மகளும் ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீக? எங்க வீட்டு முருங்கக் கெளையாட்டம் இருக்கு.”

“ஒங்க முருங்கைய கடலுக்கடியில நட்டுக் காட்டுங்க, பாப்பம்” என்றேன்.

மூன்று துண்டுகள் சாய்ந்து கிடந்தன. மற்றதெல்லாம் நின்றது. ஒன்றின் நுனியில் வெள்ளையாகப் புதிதாக ஏதோ முளைத்திருந்தது. மகள் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினாள். முந்தின நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோறு போட்டேன். மறுசோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.