ஜெனரேட்டருக்குக் கட்டிய பனியன் துணி

வீரபாண்டியில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். கரண்ட் போய்ப் போய் வந்து மனசு சலித்துப்போன வருடம் அது. பாதிப் பகல் மெஷின்கள் ஜெனரேட்டரில்தான் ஓடின. பஞ்சுத் தூசி உள்ளே போகாமலிருக்க, அதன் ஏர் ஃபில்டர் மேல் பனியன் துணியை இரண்டு சுற்றாக நானே கட்டிவிட்டேன்.

மறுவாரமே டீசல் மளமளவென்று தீர்ந்தது. கரும்புகை வேறு. ஜெனரேட்டரைக் கவனித்துவந்த தூத்துக்குடிக்காரர் மாரியப்பன், "முதலாளி, இன்ஜினுக்கு மூச்சு முட்டுதுல்லா. அந்தத் துணிய அவுத்துருவோம்" என்றார். டீசல் திருட்டை மறைக்கத்தான் சாக்குச் சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. அவர் கண்ணெதிரே டேங்குக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த நாள் அவர் வரவில்லை.

பூட்டிய பிறகும் டீசல் அதே வேகத்தில்தான் குறைந்தது. மெக்கானிக் வந்து துணியை அவிழ்த்ததும் புகை நின்றது.

"காத்து பத்தலைன்னா டீசல் சரியா எரியாம புகையாப் போயிருமுங்க. ஏனுங்க, இத யாருங்க கட்டுனது?"

அவிழ்த்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

மாரியப்பன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல முதலாளி" என்றார். வேலைக்கு மட்டும் திரும்பி வரவில்லை.

இப்போது வாராவாரம் ஃபில்டரை நானே கழற்றித் தட்டிச் சுத்தம் செய்கிறேன். டேங்குக்குப் பூட்டுப் போடுவதில்லை.