மண்டபத்துக்கு வராத இன்ஹேலர்

என் மகளுக்கு மூச்சிரைப்பு என்று தெரிந்த நாளிலிருந்து எங்களுக்கு வந்து சேர்ந்த அறிவுரைகளை ஏற்ற ஒரு லாரி போதாது. வாழைப்பழம் கொடுக்காதே, தலைக்கு ஊற்றாதே, ஃபேனுக்கு நேரே படுக்க வைக்காதே. திருப்பாதிரிப்புலியூர் குழந்தை டாக்டர் மட்டும் ஒன்றே ஒன்று சொன்னார். நீல நிற இன்ஹேலரையும் அதை மாட்டி இழுக்கிற மாஸ்க் குழாயையும் காட்டி, "புள்ள எங்க போனாலும் இதுவும் கூடவே போவணும்மா. பக்கத்துக் கடைக்குப் போனாக்கூட" என்றார்.

என் கணவருக்கு அந்த ஒன்றுதான் பிடிக்கவில்லை. மகள் இருமினால் முதலில் எழுந்து உட்காருகிறவர் அவர்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். வீட்டுக்குள் அவரே குலுக்கி, மாஸ்க்கை முகத்தில் பொருத்தி, பொறுமையாக மூச்சிழுக்க வைப்பார். வெளியே கால் வைத்தால் வேறு ஆள். "பொட்டப் புள்ள. வீசிங்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்பார். அவளுக்கு அப்போது ஐந்து வயது. பால் பல்லே விழவில்லை, அதற்குள் மாப்பிள்ளை ஓடிப்போய்விடுவானாம்.

போன தை மாதம் சிதம்பரத்தில் அவருடைய அத்தை மகனுக்குக் கல்யாணம். கிளம்பும்போது இன்ஹேலரைக் கைப்பையில் வைத்து நானே ஜிப்பை இழுத்து மூடினேன்.

வரவேற்பில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு நடந்து வர, இரண்டு பக்கமும் மெஷின் வைத்துப் புகை விட்டார்கள். இப்போதெல்லாம் அது இல்லாமல் கல்யாணமே செல்லாது போலிருக்கிறது. பிள்ளைகள் அந்தப் புகைக்குள் ஓடிப் பிடித்து விளையாடின. என் மகளும் ஓடினாள். திரும்பி வந்தபோது தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டாள். கழுத்துக் குழி உள்ளே இழுத்தது. பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. இதையெல்லாம் பார்த்தால் கொஞ்சமும் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

கைப்பையைத் திறந்தேன். சீப்பு இருந்தது, பவுடர் இருந்தது. நாற்காலியில் எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தேன்.

"என்னங்க, இன்ஹேலர் எங்க?"

அவர் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஃப்ரிட்ஜ் மேல எடுத்து வச்சிட்டேன். இத்தன பேரு முன்னாடி அவ மூஞ்சில அத மாட்டுவியா நீ?" என்றார்.

ஃப்ரிட்ஜ் இருப்பது கடலூரில். அந்த நேரத்தில் அவரை வெறுத்தேன். அந்த வெறுப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. போகவேண்டும் என்று நான் எந்தச் சாமியையும் கும்பிட்டதும் இல்லை.

மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் செருப்பு மண்டபத்திலேயே கிடந்தது. ஆட்டோவில் அவள் உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கொடுத்து, மருந்தைப் புகையாக இழுக்க வைத்தார்கள். நர்ஸ் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "அம்மாதான பாத்து எடுத்துட்டு வரணும்? வீசிங் புள்ளைய வச்சிக்கிட்டு இப்டியா வருவீங்க?" பக்கத்தில் நின்ற மனிதர் வாயே திறக்கவில்லை. மண்டபத்திலிருந்து போன் வந்தபோதுதான் திறந்தார். "ஒண்ணும் இல்ல மாமா. ஐஸ்கிரீம் ஒத்துக்கல, வாந்தி எடுத்துட்டா. நீங்க சாப்புடுங்க."

மாஸ்க்குக்குள்ளிருந்து மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிழைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் என் பையில் கை வைப்பதில்லை. நான் இன்னொரு இன்ஹேலர் வாங்கி ஸ்கூல் பையிலும் வைத்தேன். இனிமேல் பயமில்லை என்றுதான் இருந்தேன்.

போன மாதம் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து அவர் வழி உறவுக்காரர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். காபி, முறுக்கு, சிரிப்பு. நடுவில் மகளைக் காணோமே என்று உள்ளறைக்குப் போனேன். பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் குறுகி உட்கார்ந்திருந்தாள். இருமல் வெளியே கேட்காமலிருக்கத் தலையணையை வாயில் வைத்து அழுத்தியிருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. பதறிப்போய் மாஸ்க்கை மாட்டி மருந்தை அடித்தேன். மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு, "ஏன்டி என்னைக் கூப்புடல?" என்று கேட்டேன்.

"அவுங்க போனப்புறம் கூப்புடலாம்னு இருந்தேம்மா" என்றாள்.